பட்டியலின் கதையும் பிரசவ அறையின் கணக்கும்: ‘த செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’ நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைகளில் அறிந்ததைச் செய்யத் தவறுவதால் நேரும் இறப்புகளைத் தடுக்க எளிய சரிபார்ப்புப் பட்டியல் போதும் என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பிய நூல் அதுல் கவாண்டே எழுதிய ‘த செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ’. அந்நூல் தன் வாதத்தைக் கதைகளின் வழியாக எவ்வாறு கட்டமைக்கிறது என்பதையும், அது வெளிவந்த பின்னர் கனடா, இங்கிலாந்து, உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் கிடைத்த ஆய்வு முடிவுகள் அவ்வாதத்தை எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பட்டியல் தோற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பட்டியலைச் சொன்ன கதையில் விடுபட்டவை எவை என்பதே வினா.

திறவுச்சொற்கள்: நலவாழ்வுச் சேவை ஆய்வு, சரிபார்ப்புப் பட்டியல், நோயாளர் பாதுகாப்பு, மகப்பேறு, கதையாடல், செவிலியர்

முன்னுரை

ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்று கேட்பது மருத்துவ ஆய்வு. தீர்க்கும் என்று தெரிந்த மருந்து உரிய நேரத்தில், உரிய நோயாளியின் கைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பது நலவாழ்வுச் சேவை ஆய்வு. இரண்டாவது வினா பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும். ஆய்வகமோ நுண்ணோக்கியோ அதற்குத் தேவையில்லை. ஆனால் கை கழுவாமை, மருந்து இருப்பில் இல்லாமை, சொல்லத் தயங்கிய செவிலியர், கேட்க விரும்பாத மருத்துவர் எனப் பலவும் அதனுள் அடங்குவதால், அதற்கு விடை காண்பது முதல் வினாவுக்கு விடை காண்பதைவிட அரிதாகவே இருந்து வருகிறது.

இத்துறையின் ஆய்வு முடிவுகள் பொதுமக்களின் வாசிப்புக்கு வருவது அரிது. அவ்வாறு வந்தவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது கவாண்டேயின் நூல். அவர் பாஸ்டன் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர். ‘நியூயார்க்கர்’ இதழின் கட்டுரையாளர். 2007 டிசம்பரில் அவ்விதழில் அவர் எழுதிய கட்டுரையே 2009 இறுதியில் நூலாக விரிந்தது. மருத்துவர்கள் மட்டுமின்றி நிர்வாகிகளும் அமைச்சக அதிகாரிகளும் படித்த நூல் இது. எனவே அதன் கதைகூறு முறையை ஆராய்வது வெறும் நடையியல் ஆர்வம் ஆகாது. எந்தக் கதையை நம்புகிறோமோ அந்தக் கதைக்கு ஏற்பவே அரசு பணம் ஒதுக்குகிறது.

விமானத்திலிருந்து அறுவை அரங்கிற்கு

நூலின் மையப் படிமம் விமானம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் களத்தில் போயிங் நிறுவனத்தின் ‘மாடல் 299’ விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து எரிந்தது. இயந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது வால் பகுதியை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டை விடுவிக்க விமானி மறந்திருந்தார். அனுபவம் மிக்க விமானி அவர். அவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. மாறாக, புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதினர். அதன் பின் அதே விமானம் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் ‘பி-17’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பயன்பட்டது.

கதை அழகானது. ஆனால் ஓர் இடத்தில் நின்று கேட்கவேண்டியுள்ளது. விமானம் என்பது ஒரே நிறுவனம் ஒரே அளவில் செய்து தரும் பொருள். பட்டியலில் ‘பூட்டை விடுவி’ என்று எழுதினால், பூட்டு அங்கே இருக்கும். விடுவிக்கும் கைப்பிடியும் அங்கே இருக்கும். மருத்துவமனையில் ‘குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடை’ என்று எழுதினால், அந்தப் புட்டி அலமாரியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விமானத்தில் விமானியும் பயணியும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள். விழுந்தால் இருவரும் விழுவர். அறுவை அரங்கில் அந்நிலை இல்லை. உவமேயத்துக்குப் பொருந்தாத உவமை எவ்வளவு அழகியதாயினும் வழுவே என்பது நம் அணியிலக்கணம் அறிந்த செய்தி. இங்கே வழு முழுமையானதன்று. ஆனால் நூல் முழுவதையும் அந்த உவமையே சுமக்கிறது என்பதால் அதைக் குறித்தாக வேண்டும்.

மிச்சிகனில் நடந்தது என்ன?

நூலின் வலுவான சான்று மிச்சிகன் மாநிலத்திலிருந்து வருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியின் பெருஞ்சிரையில் செருகப்படும் குழாய் வழியே கிருமி நுழைந்து இரத்தத்தில் பரவுவது பழைய சிக்கல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் புரோனோவோஸ்ட் 2001இல் ஐந்து செயல்களை ஒரு தாளில் எழுதினார்: கை கழுவுதல், நோயாளியின் தோலைக் குளோர்ஹெக்சிடினால் தூய்மை செய்தல், உடல் முழுவதையும் கிருமி நீக்கிய விரிப்பால் மூடுதல், தாமும் முகக்கவசம், மேலங்கி, கையுறை அணிதல், குழாய் செருகிய இடத்தைக் கிருமி நீக்கிய கட்டால் மூடுதல். இவற்றுள் எதுவும் புதிதன்று. முதல் மாதம் செவிலியரைக் கொண்டு கவனித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விஷயத்தில் மருத்துவர்கள் ஒரு செயலையாவது விட்டிருந்தனர்.

பின்னர் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, ஆயிரம் குழாய் நாள்களுக்கு 7.7 என்றிருந்த சராசரித் தொற்று வீதம் 16 முதல் 18 மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. இடைநிலை அளவு 2.7இலிருந்து மூன்றே மாதத்தில் சுழியத்துக்கு இறங்கியது. நலவாழ்வுச் சேவை ஆய்வில் இத்தகைய எண்களைக் காண்பது அரிது.

இதை ‘ஐந்து வரித் தாள் உயிர் காத்தது’ என்று உலகம் நினைவில் வைத்தது. கவாண்டேயின் எழுத்தை ஊன்றிப் படித்தால் வேறு செய்திகளும் தென்படும். தாளைக் கொடுத்ததோடு செவிலியருக்கு ஓர் அதிகாரமும் கொடுக்கப்பட்டது: மருத்துவர் ஒரு படியை விட்டால் செயல்முறையை நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் செவிலியரின் பக்கம் நிற்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் மருத்துவமனையின் உயர் அலுவலர் ஒருவர் பொறுப்பாக்கப்பட்டார். அவர் நேரில் வந்து பார்த்தபோதுதான், குளோர்ஹெக்சிடின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிரிவுகளிலேயே இருந்தது தெரியவந்தது. அதை வாங்குவதற்கு அவரால் உத்தரவிட முடிந்தது. விரிப்பும் குளோர்ஹெக்சிடினும் குழாயுடன் ஒரே பெட்டியில் வரும்படி உற்பத்தி நிறுவனத்தை இணங்கச் செய்தனர். தொற்று எண்ணிக்கை மாதந்தோறும் பிரிவுகளுக்குத் திரும்ப வந்தது.

இவை யாவும் அந்த எழுத்திலேயே இருக்கின்றன. ஆனால் கிளைச் செய்திகளாக. தலைப்பில் இருப்பது பட்டியல் மட்டுமே. சார்லஸ் பாஸ்க், மேரி டிக்சன்-வுட்ஸ் ஆகியோர் புரோனோவோஸ்டையும் உடன்சேர்த்து 2009இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை இதையே சுட்டியது. மிச்சிகனின் வெற்றியை ஒரு தாளின் வெற்றியாகச் சுருக்குவது, மனித உறவுகளின் சிக்கலுக்குத் தொழில்நுட்பத் தீர்வு போதும் என்று மயங்குவதாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பட்டியலை எழுதியவரே அக்கட்டுரையில் கையொப்பமிட்டுள்ளார் என்பது நோக்கத்தக்கது. 2011இல் டிக்சன்-வுட்ஸ் குழு இன்னும் விரிவாக ஆராய்ந்து, பிரிவுகள் ஒன்றையொன்று பார்த்துத் திட்டத்தில் இணைந்த நெருக்குதல், அவற்றுக்கிடையே உருவான வலைப்பின்னல், தொற்றை ‘தவிர்க்க இயலாத பக்கவிளைவு’ என்பதிலிருந்து ‘நாம் தீர்க்கவேண்டிய சிக்கல்’ என்று மறுவரையறை செய்தமை, எண்களைக் கொண்டு தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டமை ஆகியவற்றை முன்வைத்தது.

ஒரு சிறு விலகல். 2007இல் இந்தத் திட்டம் நிறுத்தப்படும் நிலைக்கு வந்தது. மனிதர்கள்மீது நடத்தப்படும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம், நோயாளிகளிடம் ஒப்புதல் பெறாமல் தரவு திரட்டப்பட்டது என்று ஆட்சேபித்தது. 2008 பிப்ரவரியில் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. கை கழுவச் சொல்வதற்கு ஒப்புதல் எதற்கு என்று பலர் நகைத்தனர். கவாண்டேயும் செய்தித்தாளில் கடிந்து எழுதினார். எனக்கு அந்த நகைப்பில் முழு உடன்பாடு இல்லை. மருத்துவமனையை மேம்படுத்துவதற்கும் மருத்துவமனையை ஆராய்வதற்கும் இடையே கோடு எங்கே என்பது உண்மையான வினா. இத்துறை இன்றும் அதைத் தெளிவாகத் தீர்க்கவில்லை.

நூலுக்குள்ளேயே இருக்கும் மறுப்பு

கராச்சி நகரின் சேரிப் பகுதிகளில் சோப்பு வழங்கி நடத்தப்பட்ட ஆய்வை நூல் விவரிக்கிறது. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பாதிக்கும் மேலாகவும் நிமோனியா ஏறத்தாழப் பாதியாகவும் குறைந்தன. கவாண்டே அங்கேயே ஒரு செய்தியைச் சொல்கிறார்: அந்த வீடுகளில் முன்பே சோப்பு இருந்தது. மாறியது சோப்பன்று. வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்தார், எப்போது, எப்படிக் கை கழுவ வேண்டும் என்று சொன்னார், மீண்டும் வந்தார். சோப்பு அந்த வருகைக்கு ஒரு காரணமாக அமைந்தது.

நூலின் மிகக் கூர்மையான பகுதி இதுவே என்பது என் மதிப்பீடு. இதையே அளவுகோலாகக் கொண்டு மிச்சிகன் பகுதியை மறுபடி படித்தால், அங்கும் பட்டியல் என்பது ஒரு சோப்புக் கட்டியே என்பது விளங்கும். ஆசிரியர் இந்த ஒப்புமையைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘வருகை அறிக்கை’ என்று பெயரிட்டிருந்தால் நூல் இவ்வளவு விற்றிருக்காது என்பது உண்மைதான்.

எட்டு நகரங்களும் ஒன்ராறியோவும்

உலக நலவாழ்வு அமைப்புக்காகக் கவாண்டே குழு உருவாக்கிய அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 கூறுகள் உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி அரங்கை விட்டு நீங்குவதற்கு முன் என மூன்று நிறுத்தங்கள். புது தில்லி, டொராண்டோ, இலண்டன், சியாட்டில், ஆக்லாந்து, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபகாரா ஆகிய எட்டு இடங்களில் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன. 2009 சனவரியில் வெளியான இந்த முடிவு நூலின் உச்சக்கட்டம்.

ஆனால் அது முன்–பின் ஒப்பீடு. பட்டியல் வழங்கப்படாத மருத்துவமனைகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்படவில்லை. தம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எவரும் கூடுதல் கவனத்துடன் செயல்படுவர். மேலும், சோதிக்கப்பட்ட ஆறு பாதுகாப்புச் செயல்கள் அனைத்தும் நிறைவேறிய அறுவைகள் 34.2 விழுக்காட்டிலிருந்து 56.7 விழுக்காடாக மட்டுமே உயர்ந்தன. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட அறுவைகளில் ஏதோ ஒன்று விடுபட்டபோதும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்றால், குறைத்தது எது? நூல் இந்த ஐயத்தை முற்றிலும் மறைக்கவில்லை. ஆயினும் கதையின் ஓட்டம் அதைக் கடந்து விரைகிறது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2010 ஜூலை முதல் பட்டியல் பயன்பாட்டைப் பொதுவெளியில் அறிவிக்கும்படி மருத்துவமனைகளைப் பணித்தது. 101 மருத்துவமனைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. இறப்பு 0.71 விழுக்காட்டிலிருந்து 0.65 விழுக்காடு ஆனது. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்க மாற்றமன்று. சிக்கல்கள் 3.86இலிருந்து 3.82. அதாவது ஏதும் மாறவில்லை. மருத்துவமனைகள் அறிவித்த பட்டியல் பயன்பாடோ ஏறத்தாழ நூறு விழுக்காடு.

இந்த நூறு விழுக்காட்டை நம்புவோர் யார்? நோயாளர் பாதுகாப்பு இயக்கத்தின் மூத்தவரான லூசியன் லீப் அதே இதழில் எழுதிய தலையங்கத்தில், பட்டியல் உண்மையில் பயன்படுத்தப்படாததே காரணமாக இருக்கலாம் என்றார். அது ஏற்கத்தக்க விளக்கமே. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கண்காணிப்புத் தாளில், இரவு பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் உரிய கட்டங்கள் மாலை ஏழு மணிக்கே நிரப்பப்பட்டிருந்தன. இரண்டு செவிலியர், நாற்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் தாள் நோயாளிக்காக இருக்கவில்லை. மறுநாள் காலை அதைப் பார்க்கப்போகும் அதிகாரிக்காக இருந்தது.

எனினும் லீப்பின் விளக்கத்தில் ஒரு தருக்கச் சிக்கல் உண்டு. இறப்பு குறைந்தால் பட்டியலுக்குப் புகழ். குறையாவிட்டால் பயன்படுத்தியவர்மீது பழி. எந்த முடிவு வந்தாலும் பட்டியல் பிழைத்துக்கொள்ளும். தோற்க வழியே இல்லாத ஒரு கருத்து ஆய்வுக்கு உரியதாக இராமல் நம்பிக்கைக்கு உரியதாகிவிடுகிறது. தானே முன்வந்து ஏற்ற மருத்துவமனைகளைக் கொண்டு தென் கரோலினாவில் நடந்த பிந்தைய ஆய்வு இறப்பு குறைந்ததைக் காட்டியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆணையிட்ட இடத்தில் பயன் இல்லை. விரும்பி ஏற்ற இடத்தில் பயன் உண்டு. விரும்பி ஏற்கும் மருத்துவமனை பட்டியல் வருவதற்கு முன்பே வேறு வகையான மருத்துவமனையாக இருந்திருக்குமோ என்ற வினா அங்கும் எஞ்சுகிறது.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு இணையானது. மிச்சிகனைப் பின்பற்றி 2009 முதல் 2011 வரை நாடளாவிய திட்டம் ஒன்று நடந்தது. தொற்று வீதம் 3.7இலிருந்து 1.48க்கு இறங்கியது. வெற்றி என்று அறிவிக்கப் போதுமான எண். ஆனால் திட்டத்தில் தாமதமாக இணைந்த பிரிவுகளில், இணைவதற்கு முன்பே வீதம் குறைந்துகொண்டிருந்தது. ஆற்று வெள்ளம் ஏற்கனவே வடிந்துகொண்டிருந்தபோது வாளியால் இறைத்தவரின் நிலை அது. அப்பிரிவுகளில் தங்கி ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர்: ஒவ்வொரு பிரிவும் தொற்றை வெவ்வேறாக எண்ணியது. ஓரிடத்தில் காய்ச்சல் கண்டவுடன் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினர். வேறோர் இடத்தில் காத்திருந்தனர். அனுப்பாத இரத்தத்தில் கிருமி தென்படாது. ஏமாற்ற எண்ணியவர் எவரும் இல்லை. எண் என்பதே பல கைகளின் வழியே உருவாகும் பொருள் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது.

உத்தரப் பிரதேசத்தின் பிரசவ அறை

இக்கட்டுரைக்கு உண்மையான தூண்டுதல் இப்பகுதியே. உலக நலவாழ்வு அமைப்பின் பாதுகாப்பான மகப்பேற்றுப் பட்டியல் நான்கு நிறுத்தங்களைக் கொண்டது: தாய் வந்து சேரும்போது, குழந்தை வெளிவரும் தறுவாயில், பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்பும் முன். கர்நாடகத்தின் பெலகாவியில் ஒரு மருத்துவமனையில் சோதித்தபோது, ஒவ்வொரு பிரசவத்திலும் 29 செயல்களுள் சராசரியாக 10 மட்டுமே செய்துவந்த நிலை மாறி 25 செய்யப்பட்டன. நம்பிக்கை பிறந்தது.

அடுத்து உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களில் 120 நலவாழ்வு நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் பாதிக்குப் பட்டியலும் எட்டு மாதக் களப் பயிற்சியும் அளிக்கப்பட்டன; மறுபாதி வழக்கம்போல் இயங்கியது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் ஏழு நாள்வரை பின்தொடரப்பட்டனர். பிரசவ அறையில் ஆய்வாளர் நேரில் நின்று குறித்த 18 இன்றியமையாச் செயல்களுள், இரண்டாம் மாதத்தில் பட்டியல் பெற்ற நிலையங்கள் 72.8 விழுக்காட்டையும் பெறாதவை 41.7 விழுக்காட்டையும் நிறைவேற்றின. பயிற்சியாளர்கள் விலகிய பின், பன்னிரண்டாம் மாதத்தில் அது 61.7க்கு 43.9 என்றானது. செவிலியர் மாறினர் என்பதில் ஐயமில்லை.

இறப்புகளும் கடும் சிக்கல்களும் சேர்ந்த அளவு, பட்டியல் பெற்ற நிலையங்களில் 15.1 விழுக்காடு, பெறாதவற்றில் 15.3.

இந்த இரண்டு எண்களையும் எத்தனை முறை படித்தாலும் அவற்றுக்கிடையே ஓர் உயிரும் காப்பாற்றப்பட்டதாகக் கொள்ள இயலவில்லை. இங்கே ‘அவர்கள் பட்டியலைப் பயன்படுத்தவில்லை’ என்ற விளக்கம் செல்லாது. பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் கண்ணால் கண்டனர். ஒன்ராறியோவைக் காட்டிலும் இந்த ஆய்வு கவாண்டேயின் வாதத்துக்குக் கடினமான சோதனையாவது இதனால்தான்.

2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா ஏழைப் பெண்களுக்கு ஊக்கத்தொகை தந்து அவர்களை வீட்டிலிருந்து அரசு நிலையங்களுக்கு வரவழைத்தது. தாய் வந்தார். அவர் வந்து சேர்ந்த இடத்தில் என்ன இருந்தது? இரத்தப்போக்கு தொடங்கினால் ஏற்றுவதற்கு இரத்தம், குழந்தை மூச்சுவிடாவிட்டால் மூச்சளிக்கத் தேர்ந்த கை, கருப்பையைக் கீற அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும், அவர்கள் இல்லாத இடத்திலிருந்து உடனே கொண்டு செல்ல ஊர்தி: இவை பட்டியலில் எழுதிவைப்பதால் வந்துவிடுவன அல்ல. ‘ஆபத்து அறிகுறி கண்டால் உயர் மருத்துவமனைக்கு அனுப்பு’ என்ற வரி, அந்த உயர் மருத்துவமனை உண்டென்ற நம்பிக்கையின்மீது எழுதப்பட்டது. அந்த ஆய்வில் மருந்தோ கருவியோ கூடுதலாக வழங்கப்படவில்லை. உள்ளூர் நிர்வாகம் தாமே வரவழைத்துக்கொள்ளும்படி ஊக்குவிப்பதே திட்டம். மிச்சிகனில் உயர் அலுவலர் ஒருவர் அலமாரியைத் திறந்து பார்த்து வாங்கச் சொன்ன காட்சியை இங்கே நினைவுகூரலாம். உத்தரப் பிரதேசத்தின் ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் பட்டியலைக் கையில் வைத்திருந்த செவிலியருக்கு அப்படி ஓர் ஆள் பின்னால் இருந்தாரா என்பதே கேட்கவேண்டியது.

தமிழக வாசகருக்கு இந்த இடம் அயலானதன்று. இங்கு ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கைக்கு உட்படுத்தும் நடைமுறை 1990களிலிருந்து வளர்ந்து வந்தது. அத்தணிக்கை கேட்பது ‘செவிலியர் எந்தக் கட்டத்தை நிரப்பவில்லை’ என்று மட்டுமன்று. எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், எங்கே காக்க வைக்கப்பட்டார், இரத்தம் எப்போது கிடைத்தது என்பனவும் அதில் உண்டு. மக்கள் வழக்கில் ‘சீமாங்’ என்று சுருக்கமாக வழங்கும் அவசர மகப்பேறு மையங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் அறுவை செய்யக்கூடிய இடங்களாக மாவட்டந்தோறும் அமைந்தன. இறந்த ஒருத்தியின் வழித்தடத்தைப் பின்னோக்கி நடந்து பார்க்கும் முறைக்கும், இனி வரப்போகும் எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டும் முறைக்கும் இடையே அறிவு முறையிலேயே வேறுபாடு உண்டு. முன்னது மெதுவானது, எந்த நூலுக்கும் தலைப்பாகும் கவர்ச்சி அதற்கு இல்லை.

யாருடைய குரல்?

நூலின் இறுதியில் கவாண்டே தம் தவறு ஒன்றைச் சொல்கிறார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் வந்த கட்டியை அகற்றும்போது அவர் கையால் பெருஞ்சிரை கிழிந்தது. நோயாளியின் இதயம் நின்றது. பட்டியலைச் சரிபார்த்தபோது இரத்தம் ஆயத்தமாக இல்லை என்பதைக் கண்டு செவிலியர் முன்கூட்டியே வரவழைத்திருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார். ஓர் அறுவை மருத்துவர் தன் பிழையை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது அரிது. அந்தத் துணிவை மதிக்கவே வேண்டும்.

ஆனால் கதையைச் சொல்பவர் அறுவை மருத்துவர். இரத்தத்தை வரவழைத்த செவிலியர் சில வரிகளில் வந்து மறைகிறார். அதை வரவழைக்க அவர் எங்கே கேட்டார், எவ்வளவு நேரம் ஆனது, இரத்த வங்கி அந்த மருத்துவமனையிலேயே இருந்ததால்தானே அது இயன்றது என்பதெல்லாம் சொல்லப்படவில்லை. தனிமனித வீரத்தை மறுத்துக் கூட்டு ஒழுங்கைப் போற்றும் நூல் இது. ஒரு முழு இயலையே ‘வீரர்’ என்ற கருத்தைக் கேள்விக்குள்ளாக்க ஒதுக்குகிறது. இருந்தும் கதைமாந்தர்கள் விமானி, அறுவை மருத்துவர், கட்டடப் பொறியாளர் என்றே அமைகிறார்கள். கருத்தளவில் விலக்கிய வீரன் கதைசொல்லும் வடிவத்தில் திரும்பி வந்துவிடுகிறான்.

தமிழில் நாம் ‘சரிபார்ப்புப் பட்டியல்’ என்று வழங்கும் சொல்லும் இங்கே சிந்திக்கத்தக்கது. ‘சரிபார்த்தல்’ நம் வழக்கில் கணக்குக்கும் அதிகாரிக்கும் உரிய சொல். கீழிருப்பவர் செய்ததை மேலிருப்பவர் சரிபார்ப்பார். கவாண்டே விரும்பியதோ அதற்கு மாறானது: பட்டியல் என்ற சாக்கில் அரங்கில் உள்ள அனைவரும் தம் பெயரைச் சொல்லி ஒருவரோடொருவர் பேச வேண்டும், இளையவர் மூத்தவரை நிறுத்தலாம். அந்தப் பேச்சு நம் சொல்லில் இல்லை. சொல் மாறினால் நடைமுறை மாறிவிடும் என்று நான் எண்ணவில்லை. ஆனால் கட்டங்களை மாலையிலேயே நிரப்பிவிடும் வழக்கத்துக்கு இந்தச் சொல் இடையூறாகவும் இல்லை.

எட்டு நகரங்களின் வெற்றியை 2009இல் அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் இறுதி ஆசிரியர் கவாண்டே. 2017 டிசம்பரில் அதே இதழில் உத்தரப் பிரதேச முடிவை அறிவித்த கட்டுரையின் இறுதி ஆசிரியரும் அவரே. தம் நூலின் வாதத்தைத் தளர்த்தும் எண்களைத் தம் பெயரிலேயே அவர் வெளியிட்டார். நூலை வாங்கி அலுவலகங்களில் வைத்திருப்போர் அந்த இரண்டாவது கட்டுரையையும் அதன் அருகில் வைத்தல் வேண்டும்.